ஜெசிந்தாவின் கைராசி

மக்கா,

அன்று நம் ஸ்ரீவராகம் வீட்டின் முன்னறையில் எட்டுப் பேர் இருந்தோம். நீ மீன் தொட்டிக்கு முன்னால் முட்டுக்குத்தி உட்கார்ந்திருந்தாய். உன் பெண்டாட்டி ஜெசிந்தா உனக்குப் பின்னால், ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நின்றாள். ஐந்து வயது முடியாத உங்கள் மகள் நிலா மேசைக்கால் பக்கம். உன் அத்தை செண்பகம், அவளுடைய மகள் வளைகாப்புக்கு அழைக்க நாகர்கோவிலில் இருந்து வந்தவள், மின்விசிறிக்கு நேர் கீழே நல்ல நாற்காலியில். அவள் புருஷன் சங்கரலிங்கம் சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இருந்தார் என்பதால் எழுதுகிறேன். ஜெசிந்தாவின் அப்பா அந்தோணி, விழிஞ்ஞத்தில் இருந்து ஒரு ஏத்தன் வாழைக்குலையோடு வந்தவர், வாசல் பக்கத்து முக்காலியில் சாயாக் கிளாஸோடு. பக்கத்து வீட்டு ஓமனா கதவில் சாய்ந்து. பிறகு நான், கட்டிலில், முட்டு ஆபரேஷன் செய்த காலை நீட்டிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருக்கும். மூன்று வருஷம் ஆகிவிட்டது. யார் எங்கே இருந்தார்கள், என்ன நிறம் உடுத்தியிருந்தார்கள் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். செண்பகம் கத்தரிப்பூ நிறம்.

இந்தக் கடிதத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் போன வாரம் நீ சொன்ன ஒரு வார்த்தை. துறைமுகத்து வேலைக்குப் பக்கமாக விழிஞ்ஞத்தில் ஃபிளாட் வாங்கி, பால்காய்ச்சுக்கு நாள் குறித்துவிட்டு, என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாய். "அம்மா, அங்க புதுத் தொட்டி வைக்கேன். மொதல் தண்ணி ஒங்க கையாலதான் ஊத்தணும். ஜெசி கை வேண்டாம், அவளுக்கு ஏற்கெனவே ஒரு பேரு ஆயிப்போச்சில்லா" என்றாய். நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அடுப்படியில் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி கேட்டது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்று இருந்தவர்கள் எல்லாரும் பால்காய்ச்சுக்கு வருவார்கள். அவர்கள் முன்னால் நீ இதை உரக்கப் படிக்க வேண்டும். நானே சொல்லிவிடலாம்தான், ஆனால் கூட்டத்தில் என் வாய் அடைத்துவிடும், இரண்டு தடவை அடைத்துவிட்டது. நான் அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவள். பிழை இருக்கும். பிழையோடு படி.

முதலில் உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், மற்றவர்களுக்காக. நீ ஜெசிந்தாவைக் கல்யாணம் செய்தபோது நான் ஒரு வருஷம் உன்னோடு பேசவில்லை. கடலோரத்துப் பெண், வேதக்காரப் பெண், மீன்பிடிக்கிறவர் மகள் என்று மூன்று காரணம் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள், உன்னைவிட அதிகம் படித்தவள் என்று நீ சொன்னது ஒன்றும் என் தலையில் ஏறவில்லை. உன் அப்பா இறந்த பிறகு நான் தனியாக இருக்கக் கூடாது என்று நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்தீர்கள். வந்த அன்றே நான் அவளிடம், "இந்த வீட்டுக்குள்ள மீன் வரப்பிடாது" என்றேன். அவள், "செரி அத்தை" என்றாள். அவ்வளவுதான். அவள் அப்பா வரும்போதெல்லாம், ஆயுசு முழுக்க மீன் பிடித்த அந்த மனுஷன், மகளைப் பார்க்க வாழைக்குலை தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. குலையைத் தட்டிப் பார்த்து, "பழுக்க நாளாகும் போல" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

என் முட்டை அறுத்துத் தைத்து, நடை தேற ஆறு மாசம் ஆகும் என்று டாக்டர் சொன்னபோது, முன்னறையில் கட்டில் போட்டாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பத்தாவது நாள் நீயும் அவளும் ஒரு கண்ணாடித் தொட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். இரண்டு அடி நீளம். "மீனு அத்தை, உசுரோட உள்ளது, அதுக்கு வெலக்கில்லையல்லோ" என்று ஜெசிந்தா கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. எனக்கும் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அந்தத் தொட்டியைக் கடையில் பார்த்தது நீ. என் கட்டிலில் இருந்து தலையைத் திருப்பாமல் பார்க்கிற இடத்தில்தான் மேசை போட வேண்டும் என்று சொன்னது அவள். இது எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய். கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன்.

கடல்மீன் தொட்டி வைப்பது மண்பானையில் தண்ணீர் நிறைப்பது போல என்று நினைத்திருந்தேன். மேசை சரிவு இல்லாமல் இருக்கிறதா என்று கொத்தனார் மாதிரி ரசமட்டம் வைத்துப் பார்த்தீர்கள். முதலில் பச்சைத் தண்ணீர் நிறைத்து, ஒழுகுகிறதா என்று இரண்டு நாள் வைத்து, அதைக் கொட்டினீர்கள். பிறகு ஆர்.ஓ. தண்ணீரில் உப்புப் பொடியைக் கலக்கி ஒரு முழு நாள் சுற்ற விட்டீர்கள். "கல்லுப்பு போட்டா ஆவாதா, கடல்ல இருந்துதான வருது" என்று கேட்டேன். "கடல்ல உப்பு மட்டும் இல்ல அத்தை, வேற கொறே சத்தும் உண்டு. அதெல்லாம் இந்தப் பொடியிலதான் இருக்கு" என்றாள். விழிஞ்ஞம் பாறையில் இருந்து நாலு கல் பெயர்த்துக்கொண்டு வரலாம் என்று நீ சொன்னபோது அவள் விடவில்லை. கடலில் இருந்து பவளக்கல் எடுத்தால் கேஸ் என்றாள், கேஸ் இல்லாவிட்டாலும் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றாள். செய்து விற்கிற காய்ந்த பாறையைத்தான் வாங்கினீர்கள். அதை அவள் பாலம் மாதிரி, குகை மாதிரி அடுக்கி, அடுக்கியது பிடிக்காமல் கலைத்து, மறுபடி அடுக்கினாள். அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு வலி தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாசத்துக்கு மேல் மீனே இல்லை. தண்ணீர் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, உள்ளே கல். ஓமனா தினமும் வந்து பார்ப்பாள். "இதெந்தா அக்கா, கல்லு வளர்த்துகயாணோ?" என்று சிரிப்பாள். தண்ணீர் முதலில் பழக வேண்டும், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கல்லில் குடியேறி அழுக்கைத் தின்னத் தொடங்கிய பிறகுதான் மீன் விட வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னாள். தினமும் வேலைக்குப் போகும் முன்னால் சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துத் துளி விட்டு என்னிடம் காட்டுவாள். பச்சையாக இருந்தால் ஆகாது, மஞ்சளாக வர வேண்டும். நடுவில் கல்லெல்லாம் தவிட்டு நிறத்தில் வழுவழுவென்று பாசி படர்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, சோப்புப் போட்டுத் தேய் என்றேன். "அது வரணும் அத்தை. வந்தாத்தான் போவும்" என்றாள். மஞ்சள் வந்த அன்று குழாயை என் கண்ணுக்கு நேரே பிடித்து, பரீட்சை பாஸானவள் போல நின்றாள். அந்தத் தொட்டி வைத்ததற்கு உனக்கு நான் நன்றி சொன்னதில்லை மக்கா. இப்போது சொல்கிறேன். ஆறு மாசம் சுவரைப் பார்த்துக் கிடந்திருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன்.

பிறகு நத்தைகள் வந்தன, பாசி தின்ன. வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் இரண்டு வந்தது. சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட ஓர் இறால் வந்தது, மீசையை ஆட்டிக்கொண்டு. கடைசியாக, பண்ணையில் வளர்த்தது என்று சொல்லி, பொத்தான் பொத்தானாக விரியும் பவளம் ஒரு துண்டு. காலையில் விளக்குப் போட்டால் பூ மாதிரி விரிந்து, அணைத்தால் மூடிக்கொள்ளும். நம் ஊர் வெக்கைக்குத் தொட்டி மேலே சின்ன விசிறி வைத்திருந்தாய். அதனால் தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நின்றுவிடும், அதனால் உப்பில்லாத தண்ணீர்தான் திரும்ப ஊற்ற வேண்டும் என்று ஜெசிந்தா எனக்குச் சொல்லித் தந்தாள். கண்ணாடியில் ஒரு நாடா ஒட்டி, "இந்த வரை, அத்தை. இது ஒங்க வேலை" என்றாள். வாக்கரைப் பிடித்து எழுந்து நின்று, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அந்த வேலையை அவள் எனக்குக் கொடுத்தது என் காலுக்காக என்று பிற்பாடுதான் விளங்கியது. டாக்டர் சொல்லி நான் எழுந்ததில்லை, வற்றுகிற தண்ணீருக்காக எழுந்தேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நீங்கள் பிடித்து வைத்த ஆர்.ஓ. தண்ணீர், பிளாஸ்டிக் கேனில், தரையில் இருந்தது. குனிய எனக்கு முட்டு விடாது. அதுவும் இல்லாமல், உயிருள்ள ஜீவனுக்குப் பிளாஸ்டிக்கில் இருந்த தண்ணீரைக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சாமிக்கு வைக்கிற தண்ணீரை நாம் எதில் வைப்போம்? செம்பில்தானே. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் சொல்லி, என் கல்யாணச் சீரில் வந்த செம்புக் குடத்தை வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேய்க்க வைத்து, அந்தத் தண்ணீரை அதில் நிறைத்து, கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைக்கச் சொன்னேன். இரவு முழுக்க இருந்த தண்ணீர். சனிக்கிழமை இரண்டு நேரமும், ஞாயிறு விடியற்காலையும், செம்பால் மொண்டு மொண்டு ஊற்றினேன். ஊற்றும்போது மீன்களிடம், "நல்ல தண்ணி குடிங்க" என்றுகூடச் சொன்னேன். ஆசையாகத்தான் செய்தேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு நத்தைகள் மல்லாந்து கிடந்தன. இறால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால் மட்டும் ஆடி, அதுவும் நின்றது. பவளம் விரியவே இல்லை, சுருங்கி, மேலே சளி கட்டியிருந்தது. மீன் இரண்டும் மட்டும் மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. நிலா அழுதாள். நீ திரும்பி, "ஜெசி, நேத்து நீ உள்ள கை விட்டியா?" என்று கேட்டாய். "விட்டேன். பவளம் சாஞ்சிருந்து, நிமித்தி வச்சேன்." "கையில சோப்பு ஏதும் இருந்துதா?" "இல்ல." "நல்லா ஓர்மிச்சுப் பாரு, இருந்துதா?" மக்கா, முதல் தடவை கேட்டதில் தப்பில்லை. எல்லார் முன்னாலும் இரண்டாம் தடவை கேட்டாயே, அதை நான் மறக்கவில்லை, அவளும் மறந்திருக்க மாட்டாள். அப்போதுதான் செண்பகம் நாற்காலியில் இருந்து சொன்னாள்: "மீனக் கொன்னு வித்த கையி. அது தொட்ட தண்ணியில உசுரு நிக்குமா?"

ஓமனா தலையைக் குனிந்துகொண்டாள். சங்கரலிங்கம் அதற்கும் விழிக்கவில்லை. அந்தோணி சாயாக் கிளாஸைத் தரையில் வைத்தார், சத்தம் வராமல். பேத்தி நிலாவின் தலையைத் தொட்டு, "அப்பூப்பன் போயிட்டு வரட்டே மோளே" என்றார். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து அவர் நம் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. குலையைக் கேட்டில் வைத்துவிட்டு மகளைக் கூப்பிடுவார். வேலை இருக்கிறது, அவசரம் என்று அவர் சொல்வதை நீ நம்பினாய். அந்த நேரம் எனக்குச் செம்பு விஷயம் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் செண்பகம் அப்படிச் சொன்னபோது எனக்குள்ளே ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். நீ வேலைக்குப் போயிருந்தாய், ஜெசிந்தா அரை நாள் லீவில் வந்தாள். புதிதாக ஏதோ மருந்துக் குப்பி வாங்கி வந்திருந்தாள். தொட்டித் தண்ணீரில் விட்டாள், நீலமாக ஆனது. சோறு சாப்பிடாமல் வீடு முழுக்கத் தேடினாள், குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், எல்லாவற்றிலும் விட்டுப் பார்த்தாள். கடைசியில் என் ஸ்டூல் பக்கம் வந்து நின்று, குடத்தைப் பார்த்து, என்னைப் பார்த்தாள். குடத்துத் தண்ணீரில் விட்டாள், கருநீலமாக ஆனது. அவள் சட்டென்று திரும்பிப் போய்ச் சோதனைக் குழாயைக் கழுவினாள். நான் விடவில்லை. "என்னது பெண்ணே, மறைக்காம சொல்லு" என்றேன். "செம்பு அத்தை. நமக்கு நல்லது. நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் துளி போதும், தாங்காது. புளி போட்டுத் தேச்சா கூடுதல் எறங்கும்." "அப்ப நான்தான் கொன்னேனா?" "நீங்க அறிஞ்சு செஞ்சதில்லையல்லோ. சாரமில்ல, விடுங்க." "அவங்கிட்ட சொல்லிரு. செண்பகத்துக்கும் தெரியட்டும்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள்: "நிலாவோட அப்பா அறியண்டாம் அத்தை. அறிஞ்சா சத்தம் போடுவாங்க, பின்னே நீங்க தொட்டிப் பக்கமே போவ மாட்டீங்க. கெடந்துருவீங்க. அது வேண்டாம்."

மறுநாள் ஸ்டூலில் மூடி போட்ட கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது, நான் குனியாமல் எடுக்கிற உயரத்தில். செம்புக் குடம் சாமி அறையில், பூ வைத்து இருந்தது. அவள் அதைப் பரணில் ஏற்றியிருக்கலாம். தண்ணீரை மாற்றி மாற்றி, கரித்தூள் நிறைத்த பையைப் போட்டு, அந்தச் செம்பு போக அவளுக்கு மூன்று மாசம் ஆனது. நீ, "ஜெசிதான் கெடுத்தா, அவளே சரியாக்கட்டும்" என்று விளையாட்டாகச் சொல்வாய். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போவாள். ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெற்ற தாயை நான் அப்படிக் காப்பாற்றியிருப்பேனா என்பது சந்தேகம். அன்றிலிருந்துதான் அவளை, அவள் அப்பா மாதிரி, மோளே என்று கூப்பிடுகிறேன், நீ கவனித்திருக்க மாட்டாய்.

இத்தனைக்கும் பிறகு நான் செய்ததைக் கேள். வளைகாப்புக்கு எல்லாரும் போனோம். ஜெசிந்தா கண்ணாடி வளையலைக் கையில் எடுத்து, தன் முறைக்கு நின்றாள். செண்பகம், "நீ இரி மக்களே, அடுத்தாளு வரட்டும்" என்று அவள் தோளைத் தொட்டு நகர்த்தினாள். பாசம் போலத்தான் இருந்தது, பார்க்கிறவர்களுக்கு. ஜெசிந்தா வளையலைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு நிலாவுக்குத் தலை வாரப் போனாள். அப்போது எனக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை போதும். என் கையில் சந்தனமும் வாயில் சர்க்கரைப் பொங்கலும்தான் இருந்தன, வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகு நம் சொந்தத்தில் எந்த வீட்டிலும் அவளை முதல் விளக்கு ஏற்றக் கூப்பிட்டதில்லை, பிள்ளையை மடியில் தந்ததில்லை. கைராசி இல்லாதவள். நம் ஆட்களுக்குள் அப்படி ஒரு பேர் வந்தால் போகாது, மகள் காலத்துக்கும் நிற்கும். நாளைக்கு நிலாவை மீன் கொன்ற கைக்காரி மகள் என்பார்கள். போன வாரம் நீயும் அதைச் சொன்னபோதுதான், நான் செத்துவிட்டால் இந்தப் பொய் மெய்யாகிவிடும் என்று பயம் வந்தது.

அதனால் உன்னிடம் கேட்பது இது. பால்காய்ச்சுக்கு முந்தின நாள் நீயே அந்தோணி வீட்டுக்குப் போ. போனில் அழைக்காதே. அவரை முன்னால் உட்கார வை, நல்ல நாற்காலியில். இதைப் படி. படித்த பிறகு புதுத் தொட்டிக்கு முதல் தண்ணீரை ஜெசிந்தா ஊற்றட்டும், கல்லையும் அவளே அடுக்கட்டும், கலைத்து அடுக்கினாலும் காத்திருங்கள். ஒரு மாசம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகு, நீ அவசரக்காரன், உன் அப்பா மாதிரி. அவளிடம் ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்காதே. புது வீட்டு அடுப்பில் அவள் இஷ்டம்போல மீன் வைக்கட்டும். நான் வரும்போது ஒளிக்க வேண்டாம், தின்னமாட்டேன், ஆனால் மூக்கையும் பொத்தமாட்டேன்.

ஜெசிந்தா, நீயும் கேட்டுக்கொண்டு நிற்பாய். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கமில்லை. மூன்று வருஷம் என் தப்பை உன் கையில் வைத்திருந்தாய். நான் நடக்கிறேன் என்றால் உன்னால் நடக்கிறேன்.

எழுதத் தொடங்கும் முன்னால் செண்பகத்துக்குப் போன் செய்தேன். கூட்டத்தில் அவள் முகம் கறுக்க வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். "செண்பகம், அன்னைக்கு எல்லாம் செத்தது என்னாலதான். செம்புத் தண்ணிய நாந்தான் ஊத்துனேன்" என்றேன். "அப்பிடியா மைனி. செரி, இப்ப அதுக்கென்ன?" என்றாள். "நீ அந்தப் பிள்ளைய என்ன சொன்னேன்னு ஓர்மை இருக்கா?" "இருக்கு. நீங்க மொகத்த எப்பிடி வச்சிருந்தீங்கன்னும் ஓர்மை இருக்கு. ஒங்க மனசுல கெடந்ததத்தான் நான் வாயால சொன்னேன் மைனி. ஒங்களுக்கு வேண்டித்தான் சொன்னேன்." போனை வைத்துவிட்டேன்.

எனக்கு விரோதம் வைக்கத் தெரியும், உனக்கே தெரியும். மாமியார், ஓரகத்தி, கல்யாணத்தில் பந்தியில் இருந்து என்னை எழுப்பியவர்கள், முட்டில் கத்தி வைத்துவிட்டு வலிக்காது என்று சொன்ன டாக்டர், ஒரு வருஷம் பேசாமல் இருக்க என்னைத் தூண்டிவிட்ட உன் அப்பா, எல்லாரையும் பேர் பேராக வைத்திருந்தேன். இதை எழுதி முடிக்கும்போது ஒவ்வொருவராக விட்டுவிட்டேன். உன் இரண்டாம் கேள்வியையும் விட்டேன். ஒருத்தியை மட்டும் விட முடியவில்லை. அவள் என்னைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். சொன்னது மெய். செண்பகத்தை நான் மன்னிக்க மாட்டேன்.